காற்று ஓய்ந்த நாள்

கடைசி அனல் நிலையத்தையும் அணு உலையையும் மூடிய பிறகு, காற்று ஓய்ந்தபோதெல்லாம் மணல்துறை ஐஸ் ஆலைக்குத்தான் முதலில் மின்சாரத்தை நிறுத்தினார்கள். இந்த முறை கடலுக்குள் நட்டிருந்த காற்றாலைகள் நாள்கணக்கில் அசையாமல் நின்றன. மீன் விற்கும் ஜெசிந்தாவின் கூடையில் ஐஸ் இல்லாமல் சீலா மீனின் கண் குழிந்து, செவுள் கறுக்கத் தொடங்கியிருந்தது. அதற்கு மேல் அவளால் பொறுக்க முடியவில்லை.

"வாங்கடி!" என்று கூடையைத் தூக்கினாள். மற்ற மீன்காரிகளும் பின்னால் கிளம்பினார்கள்.

மின் பகிர்வு அலுவலகத்தில் பொறியாளர் பதறி எழுந்தார். "இருக்கிற கரண்டை நகரத்துக்குத்தாம்மா முதல்ல குடுக்கணும். அங்க ஆஸ்பத்திரி இருக்கு."

"ஆஸ்பத்திரிக்குக் குடுங்க, யாரு வேண்டாம்னா? நேத்து டவுனுக்குப் போனேன், நகைக்கடை பூரா ஜெகஜோதியா எரியுது! அனல் நிலையத்துப் புகையிலதான் எம்புருசன் நெஞ்சடைச்சுச் செத்தாரு. அதை மூடுனப்போ நானுந்தான் கும்பிட்டேன். அதுக்காவ, காத்து நின்னா நாங்க மட்டுந்தான் அழுகணுமா?"

"ரூல்ஸ் அப்படிம்மா. நான் என்ன செய்ய?"

அப்போதுதான் அவள் பிடரியில் குளிர் பட்டது. சுவரில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ஜெசிந்தாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மேசையில் இருந்ததை ஒரே கையால் ஒதுக்கிவிட்டு, கூடையைத் தூக்கி வைத்தாள்.

"எல்லாத்தையும் உள்ள கொண்டாங்கடி!"

கூடைகள் அறையை நிறைத்தன. பொறியாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவைத் திறக்க ஓடினார். அவள் குறுக்கே நின்றாள்.

"கதவைத் தொறக்காதீங்க சார், குளிரு போயிரும். காத்து வாறவரைக்கும் மீனு இங்கனதான் இருக்கும்."