சுத்தமான தமிள்

கல்கத்தா வானொலியின் ஞாயிறு தமிழ் நிகழ்ச்சிக்கு அறிவிப்பாளராகச் சங்கரி வந்த நாள் முதல், பழைய அறிவிப்பாளரே வேண்டுமென்று நேயர்கள் பிடிவாதம் பிடித்தார்கள். அவளை மாற்றிவிடலாமென்று நிலையத்தில் முடிவெடுக்கப் போன நேரத்தில், மூன்று கடிதங்கள் வந்து காப்பாற்றின.

அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து கணவனிடம் காட்டினாள்.

"லேக் கார்டன்ஸ் அருணாசலம், டாக்குரியா நீலாவதி, பாலிகஞ்ச் பிரேம்குமார். மூணு பேருமே 'சங்கரி பேசுவதுதான் சுத்தமான தமிள்'னு எழுதியிருக்காங்க. ழ போடாம, ள போட்டு!"

"எழுத்துல என்ன இருக்கு? ரசனை உள்ளவங்கன்னு தெரியுதில்ல?" என்றான், கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த ஜெகன்.

சங்கரி சிரிப்பை அடக்கிக்கொண்டு, காலையில் அவன் எழுதிவைத்த காய்கறி லிஸ்ட்டை எடுத்தாள். 'தக்காழி, வாளைக்காய், மிழகாய்.'

"ஏங்க, அடுத்த கடிதத்தையாவது போஸ்ட் பண்றதுக்கு முன்னாடி என்கிட்ட காட்டுங்க. திருத்தித் தரேன்."