டில்லிக்கு எரியாத லைட்

"சஸ்பென்ஷன் வேலை பார்த்தியே, அதுலேர்ந்துதான் டாஷ்போர்டுல சிவப்பா பிரேக் லைட் எரியறது. போன மாசம் வண்டியைப் பள்ளத்துல விட்டப்போகூட எரியலை!" என்று பொரிந்தார் பத்மநாபன்.

மெக்கானிக் டில்லிக்கு மண்டை காய்ந்தது. பிரேக் ஆயிலைப் பார்த்தான். ஒயரை எல்லாம் பார்த்தான். ஜீப்பை எடுத்துக்கொண்டு லஸ் வரை போய் வந்தான். அந்தச் சிவப்பு லைட் எரியவே இல்லை.

"நான் ஓட்டுனா எரியல சார். நீங்க ஓட்டுனா மட்டும் இன்னாத்துக்கு எரியுது?"

"அப்போ நான் பொய் சொல்றேனா? ஏறு பின்னாடி!"

முன் ஸீட்டில் வழக்கம்போல் அவர் மனைவி விஜயம் ஏறிக்கொண்டாள். மந்தைவெளி திருப்பத்தில் எதிரே வந்த பல்லவன் பஸ் ஹார்ன் அலற ஒதுங்கிப் போனது. அதே நேரம் லைட் பளிச்சென்று எரிந்தது.

"பார்த்தியா!" பத்மநாபன் வண்டியை ஓரங்கட்டினார். இறங்கிப் போய் பானெட்டைத் திறந்தார்.

டில்லி குழப்பத்தோடு முன்னால் எட்டிப் பார்த்தான். இரண்டு ஸீட்டுக்கும் நடுவே, புடவைத் தலைப்புக்கு அடியில், விஜயத்தின் கை ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் தூக்கியபடி கெட்டியாகப் பிடித்திருந்தது.

"இன்னா மாமி இது? இத்தத் தூக்குனா லைட்டு எரியத்தான் செய்யும்! சார்கிட்ட சொல்லவா?"

"ஐயோ, சொல்லிடாதே! கண் டாக்டர்கிட்ட போலாம்னாலே சண்டைக்கு வரார்." விஜயம் குரலை இன்னும் தாழ்த்தினாள். "இத்தனூண்டு லைட் தெரியறது டில்லி அவருக்கு. எதிர்ல வந்த பஸ் தெரியலையே!"