பெஞ்சுக்கு அடியில்

அந்தப் பள்ளிக்கூடத்து மணி, மரத்தில் தொங்கும் ஒரு தண்டவாளத் துண்டு. அது ஒலித்தால் மற்ற பிள்ளைகள் வாசலுக்கு ஓடுவார்கள். பட்டாசு ஆலை வெடித்த ஊரிலிருந்து வந்து நான்காம் வகுப்பில் சேர்ந்த மாரிச்செல்வி மட்டும் காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்விடுவாள். எஸ்தர் டீச்சர் அவளை வெளியே இழுக்கவில்லை. சேலையை வாரிக்கொண்டு தானும் நுழைந்து, "இரு, அவசரமில்ல" என்றார். டீச்சரே போனபின் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? நடப்பதற்காகக் காலில் காலிபர் கம்பி மாட்டிய ஆரோன் உருண்டே போய் நல்ல இடமாகப் பிடித்துக்கொள்வான். ஏழாம் வாய்ப்பாடு பாதி அங்கேதான் மனப்பாடமானது.

ஒருநாள் தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தார். "டீச்சர், எங்க இருக்கீங்க?"

"கீழதான் சார். மணி அடிச்சிருக்கு."

அவர் குனிந்து பார்த்தார், தன் வயிற்றையும் பார்த்தார், கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

மணியடிக்கும் முறை நான்காம் வகுப்புக்கு வந்தது. "யாரு போறீங்க?" என்று டீச்சர் கேட்டபோது மாரிச்செல்வி கையைத் தூக்கினாள். டீச்சர் மணியடிக்கும் இரும்புக் கம்பியை அவளிடம் கொடுத்தார். வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஓர் அடி.

அவள் திரும்பி வந்தபோது வகுப்பில் யாரையும் காணோம். குனிந்தாள். பழக்கதோஷத்தில் அத்தனை பேரும் அடியில் இருந்தார்கள்.

"நாந்தான் டீச்சர் அடிச்சேன். வெளிய வாங்க."

பிள்ளைகள் வந்துவிட்டார்கள். டீச்சருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மாரிச்செல்வி சற்று யோசித்துவிட்டு, பாவாடையை வாரிக்கொண்டு அவர் பக்கத்தில் நுழைந்து உட்கார்ந்தாள்.

"இருங்க டீச்சர், அவசரமில்ல."