இன்னும் ஒரு கரண்டி

சோற்றுப் பானையின் அடி தெரிய ஆரம்பித்துவிட்டது. சீனாவிலிருந்து வந்திருந்த அந்தப் பெண்ணின் பசி மட்டும் அடங்குகிற வழியாகக் காணோம்.

நல்லமுத்து கல்லாவில் உட்கார்ந்தபடி அவளையே பார்த்தார். ஒட்டடைக்குச்சி உடம்பு. இவ்வளவு சோறும் அதற்குள் எங்கேதான் போகிறதோ.

"அப்பா, எல மறுபடியும் காலி," என்று மகள் அனுசியா வாளியோடு ஓடி வந்தாள்.

"வயிறா அது, லோரியா?"

"மெதுவாலா. மிஸ் லின் காதுல விழப்போவுது."

"விழட்டும். தமிழ் தெரியவா போவுது?"

மலாக்காவை அடுத்த பத்து பெரண்டாம் ஊரில் பக்கத்துத் தொழிற்சாலையை மூடியதிலிருந்து, மத்தியானத்தில் நல்லமுத்துவின் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் நாற்காலிகள்தான் உட்கார்ந்திருந்தன. மிஸ் லின் சுற்றுலாக் கம்பெனிக்காரி. அவள் சாப்பிட்டுப் பார்த்துச் சரி என்றால், மலாக்காவுக்கு வரும் சீனப் பயணிகளின் பஸ் மத்தியானச் சாப்பாட்டுக்கு இங்கே நிற்கும். இல்லையென்றால் தைப்பூசத்தோடு கடையைச் சாத்திவிட்டு, ஜொகூரில் மகன் வீட்டில் டிவிக்கு எதிரே உட்கார வேண்டியதுதான்.

இதற்காகவே அனுசியா ஆயர் குரோவில் ஒரு வகுப்புக்குப் போய்வந்திருந்தாள். சீனப் பயணிகளை எப்படி வரவேற்பது என்று அங்கே சொல்லிக் கொடுத்தார்களாம். நல்லமுத்துவுக்கு அதில் துளியும் நம்பிக்கை இல்லை.

"நம்ம ஊரு சீனவங்க எத்தன பேரு இங்க ரசத்தக் கையில வாங்கிக் குடிச்சிட்டுப் போறாங்க. அவங்களுக்குச் சோறு போட கிளாஸா?"

"அவங்க வேற, சீனாவுல இருந்து வர்றவங்க வேறப்பா."

நாலு அவர்களுக்கு ஆகாத எண்ணாம். நாலாம் மேசையின் நம்பரை அனுசியா சுரண்டி எடுத்தாள். ஐஸ் தண்ணீர் போய்ச் சுடுதண்ணீர் வந்தது. கிழவர் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்.

மிஸ் லின் வந்து உட்கார்ந்ததும் முதல் வேலையாகத் தண்ணீரை இலையில் தெளித்துத் துடைத்தாள். நல்லமுத்துவுக்குச் சுருக்கென்றது. எல கழுவலன்னு நெனைக்கிறா, என்று மகளிடம் முணுமுணுத்தார். மிஸ் லின்னோ தனக்காக அவர்கள் வாங்கி வைத்த புதுக் கரண்டியையும் முள்கரண்டியையும் ஓரமாகத் தள்ளிவிட்டு, இடக்கையை மடியில் வைத்துக்கொண்டு வலக்கையால் பிசைந்தாள். கரண்டியும் சுத்தமில்லையாம், அவளுக்கு.

கேட்டுத் தெரிந்துகொள்ளலாமென்றால் வழியில்லை. அவளை அழைத்து வந்த கைடு கெல்வினுக்கு மட்டும்தான் சீன மொழி தெரியும். அவனோ வெளியே வேன் பக்கத்தில் நின்று போனில் யாரோடோ மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

அனுசியா இப்போது மறுபடியும் வாளியோடு மேசைக்குப் போனாள். மிஸ் லின் கையைப் பலமாக ஆட்டினாள்.

"போதுங்கிறா. விடேன்," என்றார் நல்லமுத்து.

"அது மரியாதைக்குப்பா. வேணாம்னுதான் சொல்வாங்க, நாம விடக்கூடாதுன்னு கிளாஸ்ல சொன்னாங்க. வயிறு நெறஞ்சா தட்டுல கொஞ்சம் மிச்சம் வைப்பாங்க. காலி பண்ணிட்டா இன்னும் பசின்னு அர்த்தம்."

சோறு விழுந்தது. மிஸ் லின் அதைப் பார்த்தாள், சுழலும் காற்றாடியைப் பார்த்தாள், மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு பிசையத் தொடங்கினாள். நெற்றியெல்லாம் வேர்வை. நடுவில் யாருக்கும் தெரியாமல் பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் இலை கழுவி வைத்த மாதிரி ஆனது.

நல்லமுத்துவுக்கு இப்போது எல்லாம் வெளிச்சமாகிவிட்டது.

"இவ சாப்பிட வரலம்மா. நாம எப்பக் கைய விரிப்போம்னு பாக்க வந்திருக்கா. ஒருத்திக்கே போட முடியாதவன் ஒரு பஸ்ஸுக்கு எப்படிப் போடுவான்னு கேப்பா, பாரு."

ரோஷம் வந்துவிட்டது அவருக்கு. பானையைத் தானே தூக்கிக்கொண்டு போனார். அடியோடு சுரண்டி இலையில் ஒரு குன்று கட்டி, நடுவில் குழி பறித்து, சாம்பாரை நிறைய ஊற்றினார்.

மிஸ் லின்னின் கண்களில் நீர் திரண்டது. அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த கெல்வினின் சட்டையைப் பிடித்து இழுத்து, காதில் என்னவோ சொன்னாள். அவன் இலையைப் பார்த்தான். காலிப் பானையோடு நின்ற கிழவரைப் பார்த்தான்.

"என்னாவாம்? இன்னும் வேணுமாமா?" என்றார் நல்லமுத்து.

"பஸ்ஸு ஓகேவாம் அங்கிள். மொதக் கரண்டியிலயே முடிவு பண்ணிட்டாங்களாம்." கெல்வின் சிரிப்பை அடக்கப் பாடுபட்டான். "ஆனா இன்னொரு கரண்டி விழுந்தா இங்கயே செத்துருவாங்களாம்."

"அப்புறம் எதுக்கு ஒவ்வொரு தடவையும் எலைய வழிச்சு வைக்கிறா?"

"இலையில ஒரு பருக்கை மிச்சம் வச்சாலும் தமிழங்களுக்கு அவமானம்னு, அங்க அவங்களுக்கும் கிளாஸ் எடுத்து அனுப்பியிருக்காங்க, அங்கிள்."