முதல் செய்முறை

முத்துகுமரன் சங்கரேஸ்வரியின் சடையைப் பிடித்து லேப் வாசல்வரை இழுத்துவிட்டான்.

பாடம் நடத்திக்கொண்டிருந்த நான் குறுக்கே போய் விழுந்தேன். ஒரே தள்ளாகத் தள்ளினான். நான் வாசலோர மேசையில் மோதியதில் சோதனைக் குழாய்கள் கவிழ்ந்து நொறுங்கின.

அவன் அவளுடைய தாய்மாமன். குற்றாலத்தில் சீசனுக்குச் சிப்ஸ் கடை போடுகிறவன். அவனுக்கு முப்பது, அவளுக்குப் பதினாறு. ஆவணியில் கல்யாணம் என்று அவளைத் தவிர எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணியிருந்தார்கள். அவள் ப்ளஸ் ஒன்னில் வந்து சேர்ந்துவிட்டாள். அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

மற்றப் பிள்ளைகள் சுவரோடு ஒட்டிக்கொண்டு அலறினார்கள். அவள் அலறவில்லை. அவன் கையைக் கடித்தாள். ரத்தம் வந்தது.

சடையை விட்டவன் மேசையைப் பார்த்தான். மணல் தட்டில் இரண்டு கண்ணாடி பாட்டில்கள் இருந்தன. ஒன்றை எடுத்து மூடியைப் பிடுங்கினான்.

"ஏட்டி, இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத்தான இவ்வளவு துள்ளுத? ஆசிட்ட ஊத்துதேன், பொறவு எவன் பாக்கான்னு பாப்போம்."

அந்த இரண்டு பாட்டிலும் அன்றைய பாடம். ஒவ்வொரு வருஷமும் என் முதல் செய்முறை அதுதான். ஒன்றில் தண்ணீர், இன்னொன்றில் அடர் கந்தக அமிலம். ஒரே அளவு, ஒரே நிறம், லேபிள் கிடையாது. மூடியைத் திறக்காமல் சாய்த்துப் பார்த்து எது எதுவென்று சொல்ல வேண்டும். முப்பத்தெட்டுப் பேரும் பார்த்து நோட்டில் எழுதி முடித்திருந்தார்கள். அத்தனை கை மாறியதில் எந்தப் பாட்டில் எங்கே இருக்கிறதென்று எனக்கே தெரியாது.

அவன் கை உயர்ந்தது. அவள் முகத்துக்கு நேரே பாட்டில் தளும்பியது.

இரும்பு ஸ்டாண்டை எடுத்து முழங்கையில் போட்டேன். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. பாட்டில் தரையில் சிதறியது. இரண்டாவது அடி தாடையில். மண்டியிட்டு, நல்ல கையைத் தூக்கி வேண்டாம் என்றான். அப்போது மூன்றாவது அடி. நான்காவதுக்கு ஓங்கியபோது லேப் அட்டெண்டர் நாசர் அண்ணன் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்திருக்காவிட்டால் நான் நிறுத்தியிருக்க மாட்டேன்.

அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்பார்கள். அன்றைக்கு உதவியது.

எனக்கும் ஒரு தாய்மாமன் இருந்தான். என் ப்ளஸ் டூ புத்தகங்களை வெந்நீர் அடுப்பில் போட்டவன்.

நாசர் அண்ணன் தரையில் கிடந்த ஈரத்தில் நீல லிட்மஸ் தாளைத் தொட்டார். அது நீலமாகவே இருந்தது.

விசாரிக்க வந்த பெண் எஸ்.ஐ. என்னைத்தான் முறைத்தார்.

"தண்ணிக்காக ஒருத்தன் தாடைய மூணு துண்டாக்கியிருக்கிய. கெமிஸ்ட்ரி டீச்சருக்குமா வித்தியாசம் தெரியல?"

லேபிள் இல்லாத பாட்டிலில் என்ன இருக்கிறதென்று எனக்கு எப்படித் தெரியும், பயத்தில் அடித்துவிட்டேன் என்றேன். தெரிந்தே அடித்தேன் என்று ஆனால் நான் ஜெயிலுக்குப் போவேன். சங்கரேஸ்வரி மணவறைக்குப் போவாள்.

எஸ்.ஐ. நம்பவில்லை. திங்கட்கிழமை மறுபடி வருவதாகவும், அன்றைக்கு என்ன பாடம் நடந்ததென்று பிள்ளைகளின் நோட்டைப் பார்க்க வேண்டுமென்றும் அவர்கள் காதுபடவே சொல்லிவிட்டுப் போனார்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் எனக்கு அந்த நோட்டுகளின் நினைப்புதான். நான் சொல்லிச் சொல்லி எழுத வைத்த முடிவு ஒவ்வொரு நோட்டிலும் முதல் பக்கத்தில் இருக்கிறது. சாய்த்தால் தண்ணீர் தளும்பும். அமிலம் விளக்கெண்ணெய் மாதிரி மெல்ல நகரும், தளும்பாது.

அவன் கையைத் தூக்கியபோதே எனக்குத் தெரியும். முதல் அடிக்கு முன்பே தெரியும்.

திங்கட்கிழமை காலை எஸ்.ஐ. வருவதற்குள் சங்கரேஸ்வரி நோட்டுகளை அடுக்கிக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

மேலே இருந்த நோட்டைத் திறந்தேன். முதல் பக்கம் இல்லை. அடுத்ததைத் திறந்தேன்.

முப்பத்தெட்டிலும் முதல் பக்கத்தைக் காணோம்.