ஒட்டாது என்று ஒரு கடிதம்

"இந்தத் தலைல நான் கத்தரி வைக்க மாட்டேன் சார்."

சலூன்காரர் இப்படிச் சொன்னபோது, கழுத்தில் துணி கட்டி, தலையில் தண்ணீர் தெளித்து, ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"ஏன்யா?"

"உச்சந்தலைல புண்ணு. ஒட்டிக்கிற வியாதியா இருந்தா? ஒட்டாதுன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க."

காத்திருந்த ஐந்து பேரும் நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டார்கள்.

அது என் பிறவி மச்சம். முடி முளைக்காத மஞ்சள் திட்டு. அதிர்ஷ்டம் என்பாள் அம்மா. ஐம்பத்திரண்டு வயதிலும் புகார் பிரிவில் உதவி அதிகாரியாகவே இருக்கிறேன் என்பது வேறு விஷயம்.

பாதி நனைந்த தலையோடு வீட்டுக்கு வந்து குதித்தேன்.

"நாலு மாசமா ரத்தம் கசியுது, காட்டுங்கன்னு நானும்தானே சொன்னேன்?" என்றாள் மனைவி.

"காட்டத்தான் போறேன். கடுதாசி வாங்கி அவன் மூஞ்சில விட்டெறியறேன் பார்!"

நெஞ்சு வலித்தபோதுகூட டாக்டரிடம் போகாத வீரன் நான். மறுநாள் காலையில் முதல் டோக்கன் என்னுடையது.

தோல் டாக்டர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். "இது ஒட்டாது."

"அதை அப்படியே பெரிய எழுத்துல எழுதிக் குடுங்க டாக்டர்!"

"தரேன். ஆனா கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பணும்."

ஒரு வாரத்தில் முடிவு வந்தது. மச்சத்துக்குள் தோல் புற்றுநோய்.

கூட வந்திருந்த மனைவிதான் கேட்டாள்: "பரவிடுச்சா டாக்டர்?"

"இல்லம்மா. இந்த மாதிரி மச்சம் பெரும்பாலும் ஒண்ணும் பண்ணாது. எப்பவாவதுதான் இப்படி மாறும். வெட்டி எடுத்துடலாம். நல்லவேளை, இப்பவாவது வந்தாரு."

வெட்டி எடுத்தார்கள். தையல் பிரித்த கையோடு சலூனுக்குப் போனேன். விட்டெறிய வேண்டிய கடிதத்தை இரண்டு கையாலும் நீட்டினேன்.

"ஒட்டாதாம். ஆனா புற்றுநோயாம். எடுத்துட்டாங்க."

சலூன்காரர் கடிதத்தை வாங்கவில்லை. என் தலையைத்தான் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"பன்னண்டு வருஷமா என் விரல் அது மேல படுது. ஒட்டாதுன்னு எனக்குத் தெரியாதா சார்? டாக்டர்கிட்ட காட்டுங்கன்னு மூணு தடவை தனியாக் கூப்பிட்டுச் சொன்னேன். 'முடிய மட்டும் வெட்டுய்யா'ன்னீங்க. உங்களுக்கு உயிரைவிட ரோஷம் பெருசுன்னு அப்பத்தான் புரிஞ்சுது."