தாலாட்டு சாரின் புதன்கிழமை வகுப்பு

புதன்கிழமை மதியங்களில் தாலாட்டு சார் பாடமே நடத்துவதில்லை என்று முதல்வர் அறைக்கே போய்ச் சொல்லிவிட்டாள் அலாரம்.

இரண்டுமே பட்டப்பெயர்கள்தாம். உளவியல் விரிவுரையாளருக்குக் குரல் அப்படி. அவர் திட்டினால்கூடக் கண் சொருகும். அவளுக்கு அந்தப் பெயர் வந்தது, சார் மறந்துபோன தேர்வுகளையெல்லாம் எழுந்து நின்று ஞாபகப்படுத்தியதால். "இன்னைக்கு மட்டும் வாயைத் திறக்காதே தாயே" என்று வகுப்பே அவளைக் கையெடுத்துக் கும்பிட்ட நாட்கள் உண்டு.

"பாடம் நடத்தாம என்ன பண்றார்?" என்றார் முதல்வர்.

"கண்ணை மூடச் சொல்றார் சார். உடம்பைத் தளர்த்துற பயிற்சியாம். கால் விரல்ல ஆரம்பிப்பார். முழங்காலுக்கு வர்றதுக்குள்ள மணி அடிச்சிடுது."

"ஒரு மணி நேரமுமா?"

"ஒரு மணி நேரமும்தான். ஒரு மாசமா இதே கதை."

சார் மேல் அவளுக்குக் கோபமில்லை. ஆனால் உளவியலில் மேலே படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. மதிப்பெண் குறைந்தால் பெரிய கல்லூரி எதுவும் அவளை வாசல் பக்கம்கூட விடாது.

சாருக்கு இன்னும் நிரந்தர வேலை இல்லை. ஆண்டு முடிவில் அவரை வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்று முதல்வர்தான் முடிவு செய்ய வேண்டும்.

"பாடம் நடத்தாதவருக்கு இங்க வேலை இல்லை" என்றார் அவர். "நாளைக்குப் புதன்கிழமைதானே, கண்ணைத் திறந்து வெச்சுப் பாரு. என்ன நடக்குதுன்னு எங்கிட்ட வந்து சொல்லு."

அன்றிரவும் வீட்டில் வழக்கமான கச்சேரிதான். அக்காவுக்கு இரட்டைக் குழந்தைகள். ஒன்று ஓய்ந்தால் மற்றது தொடங்கும். பேசி வைத்துக்கொண்டு அழுவதுபோல. அறுவை சிகிச்சை ஆன அக்கா எழுந்திருக்கக் கூடாது என்று ராத்திரிப் பொறுப்பை இவளே ஏற்றுக்கொண்டாள். களைப்பு என்று யாரிடமும் மூச்சு விடமாட்டாள். ரோஷக்காரி. போன மாதம் வகுப்பில் தலை மேசையில் மோதி எல்லோரும் திரும்பிப் பார்த்ததற்கே, படிப்பும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று வீட்டில் உட்கார்ந்துவிட்டாள். தோழி சோடாபுட்டி வீட்டுக்கே வந்து கெஞ்சித்தான் கூட்டிப்போனாள்.

அந்தச் சோடாபுட்டி மேலும் இப்போது அவளுக்கு ஒரு சந்தேகம். புதன்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த இடம் புரியலை, சேர்ந்து பார்ப்போமா?" என்று புதுப்புதுப் பாடமாக எடுப்பாள். எங்கே கற்றாய் என்று கேட்டால், "புத்தகத்துலதான் இருக்கே" என்பாள். நமக்குத் தெரியாமல் தனியாக டியூஷன் போகிறாள், கள்ளி என்று நினைத்துக்கொண்டாள் அலாரம்.

மறுநாள் மதியம். நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறைதான் உளவியல் துறை. நீலத் திரை வழியே வரும் வெயிலில் அறையே தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் தோன்றும். மின்விசிறி சோம்பலாகச் சுற்றியது.

"கால் விரலை இறுக்குங்க... இப்போ விட்டுடுங்க" என்றார் தாலாட்டு சார். "கணுக்கால் கனமா இருக்கா? அது பாட்டுக்கு இருக்கட்டும்..."

அந்தக் குரலில் அவளுக்குப் படகில் கால் வைத்ததுபோல் இருந்தது. கரை மெல்ல விலகியது. இரண்டு குழந்தைகளும் ஏதோ ஒரு தூரத்தில் சிரித்தன. உள்ளங்கையை நறுக்கென்று கிள்ளிக்கொண்டாள். வலித்தது, நல்லது.

சாரின் குரல் நின்றது. இமையைத் துளி திறந்து பார்த்தாள்.

வகுப்பு முழுதும் எழுந்து நின்றது. ஆளுக்கு ஆள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, நுனிக்காலில் வெளியே போனார்கள். சார் வந்து, அவள் முகத்தில் விழுந்த வெயிலைத் திரையை இழுத்து மறைத்தார். பிறகு அவரும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போனார்.

அவள் எழுந்து கதவோரம் போய் நின்றாள்.

வராந்தாவில் எல்லோரும் தரையில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க, சார் கிசுகிசுப்பாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

"சார், அந்தக் கடைசி இடத்தை இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள் சோடாபுட்டி. "சாயங்காலம் சந்தேகம் கேக்குற மாதிரி அவளுக்குச் சொல்லணும்."

"இத்தனை பாடு எதுக்கு சார்? நீ வாராவாரம் தூங்கிடுறேன்னு அவகிட்ட நேரா சொல்லிடலாமே" என்றான் ஒருவன்.

"சொன்னா நாளையிலேர்ந்து வரமாட்டா" என்றார் சார். "வந்து தூங்கினாலும் பரவாயில்லை. வராம போயிடக் கூடாது."

அலாரம் தன் இடத்துக்குத் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைக்கவில்லை, நெஞ்சு நிறைந்து போயிருந்தது.

மணி அடிக்கும் முன்பு காலடிகள் பூனைபோலத் திரும்பி வந்தன. "இப்போ மெதுவா கண்ணைத் திறங்க" என்றார் சார், இடையில் ஒன்றுமே நடக்காததுபோல. எல்லோரும் சோம்பல் முறித்தார்கள். "நல்லாத் தூங்கிட்டேன்பா" என்று சோடாபுட்டி வாய் பிளந்து கொட்டாவி வேறு விட்டாள். அலாரமும் முகத்தைத் துடைத்துக்கொண்டு சோம்பல் முறித்தாள்.

முதல்வர் காத்திருந்தார்.

"என்ன பார்த்தே? பாடம் நடத்துறாரா, இல்லையா?"

"நடத்துறார் சார். ஒரு வாரம்கூட விடலை."

"அப்போ முழங்காலுக்கு மேல போகலைன்னு வந்து நின்னியே?"

அவள் தலை குனிந்தாள். இதுவரை யாரிடமும் ஒப்புக்கொள்ளாததை முதல்முறையாகச் சொன்னாள்.

"அதுக்கு மேலதான் சார்... நான் தூங்கிட்டேன்."